சிமெண்டில் பதிந்த குதிகால்

ஆவணி 16, திங்கள்

இந்த டைரி என்னைக் கட்டின அத்தான் வேலை பார்க்கும் ரைஸ் மில்லில் கொடுத்தது. இடது பக்கம் வீட்டுக் கணக்கு. வலது பக்கம் இதுவரை காலியாகவே கிடந்தது. இன்றிலிருந்து அங்கேயும் எழுதப் போகிறேன். ஒரு விஷயத்தை மனசுக்குள்ளேயே வைத்துக் கூட்டிப் பார்க்கிறேன், ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு விடை வருகிறது.

என் மகள் கோமுவுக்கு ஆடியில் மூன்று வயது முடிந்தது. விஜயதசமி அன்று நர்சரியில் சேர்க்கலாம் என்று, பெயரைக் கொடுத்து வைக்க இன்று கூட்டிப் போனேன். அங்கே இருந்த மிஸ் அவளைச் செருப்பைக் கழற்றச் சொல்லி, ஹாலின் அந்தக் கோடியில் கிடந்த பந்தை எடுத்து வரச் சொன்னார். கோமு எடுத்து வந்தாள். மிஸ் மறுபடியும் பந்தைப் போட்டார். மறுபடியும் எடுத்து வந்தாள்.

"இவ எப்பவும் இப்படித்தான் நடப்பாளாம்மா?"

"எப்படி?"

"குதிகால் தரையிலயே படல பாருங்க. முன்விரல்லயே நடக்கா."

பார்த்தேன். ஆமாம். அது எனக்குத் தெரியாமல் இல்லை. சத்தம் காட்டாமல் நடக்கிற பெண்பிள்ளை என்று மனசுக்குள் பெருமைகூடப் பட்டிருக்கிறேன். அது ஒரு குறை என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

"பயப்படாதீங்க. டாக்டர்ட்ட ஒருவாட்டி காட்டிட்டு வந்திருங்க, சேத்துக்கிடலாம்" என்றார் மிஸ்.

வழியெல்லாம் அவள் காலையே பார்த்துக்கொண்டு வந்ததில் கொத்தமல்லி வாங்க மறந்துவிட்டேன்.

ஆவணி 17, செவ்வாய்

காலையிலிருந்து கோமு பின்னாலேயே என் கண். அடுக்களையிலிருந்து ஹால், ஹாலிலிருந்து புழக்கடை. நூற்றுக்குத் தொண்ணூறு நடை விரலில்தான். நின்றால் மட்டும் சில சமயம் குதிகால் இறங்குகிறது.

என் வீட்டில் விளக்கேற்றி முடிக்கும்வரை தரை ஈரமாகத்தான் இருக்கும். குளித்து, தரை துடைத்து, கோலம் போட்டு, அப்புறம்தான் அடுப்பு. ஈரத்தில் முழுப் பாதத்தையும் பதித்தால் தடம் விழுந்து அசிங்கமாக இருக்கும். அதனால் நான் விரல் ஊன்றித்தான் போவேன். காலையில் எழுந்ததும் முதல் நாலு எட்டு பாதத்தில் ஆணி ஏறின மாதிரி பிடிக்கும்தான். வெந்நீர் ஊற்றினால் போய்விடும். அது பெரிய விஷயம் இல்லை. கோமுவைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன்.

நல்லெண்ணெய் சுட வைத்து அவள் கெண்டைக்காலில் தேய்த்துவிட்டேன். கூச்சம் தாங்காமல் சிரித்தாள்.

ஆவணி 19, வியாழன்

சொர்ணம் மதினி வந்தார்கள். அத்தானின் அக்கா, அடுத்த தெருவில்தான் வீடு. விஷயம் எப்படித்தான் போய்ச் சேர்ந்ததோ.

"வாக்கர்ல போட்டீல்லா, அதான் உருண்டு உருண்டு போய்ப் பழகிட்டு" என்றார்கள்.

"வாக்கர் நீங்கதான மதினி வாங்கித் தந்திய."

"நான் வாங்கித் தந்தேன். நேரம் பூரா அதுலயே போடுன்னா சொன்னேன்?"

பிறகு கோமுவை நடக்கவிட்டுப் பார்த்தார்கள். காப்பியைக் குடித்து முடித்துவிட்டுக் கேட்டார்கள்.

"ஏட்டி உலகு, அந்த நேர்ச்சைய முடிச்சிட்டியா?"

முடிக்கவில்லை. கோமு எட்டாம் மாதத்திலேயே பிறந்தவள். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தபோது முருகனிடம் வேண்டிக்கொண்டேன். பிள்ளை பிழைத்து நடந்துவிட்டால், மூன்று வயது முடிந்ததும் கோயில் பிரகாரத்தை அடிப்பிரதட்சணமாகச் சுற்றி வருகிறேன் என்று. ஒரு காலின் குதிகாலை அடுத்த காலின் விரலோடு ஒட்டி வைத்து, அடிமேல் அடியாக ஒரு முழுச் சுற்று. ஆடியிலேயே செய்திருக்க வேண்டியது. ஆடிக் கிருத்திகைக்கு ஒரே கூட்டம். அப்புறம் மழை. அப்புறம் வேறு ஏதோ.

"காலுக்கு வேண்டிக்கிட்டு கால் விஷயத்துலயே பாக்கி வச்சிருக்க" என்று சொல்லிவிட்டு மதினி எழுந்து போனார்கள். அந்த வார்த்தை இன்னும் ஹாலிலேயே நிற்கிறது.

ஆவணி 20, வெள்ளி

விளக்குப் பூஜை. கீரை வாடல். மனசு சரியில்லை.

ஆவணி 23, திங்கள்

எனக்குப் படிப்பு எட்டு வரைதான். மிச்சம் எல்லாம் பலசரக்கு மடித்து வந்த தாளிலும் மருந்து அட்டையிலும் எழுத்துக் கூட்டிப் படித்தது. இப்போது போனில் தேடவும் தெரியும். தெரியாமலே இருந்திருக்கலாம்.

'குழந்தை விரலில் நடப்பது' என்று போட்டேன். ஒரு பெண் பேசும் வீடியோ வந்தது. மூன்றாவது நிமிஷத்தில் ஆட்டிசம் என்று சொன்னாள். அதற்கு மேல் எதுவும் காதில் ஏறவில்லை. அடுத்த வீடியோவில் ஒரு டாக்டர், நிறையக் குழந்தைகள் சும்மாவே இப்படி நடக்கும், தானாகச் சரியாகிவிடும் என்கிறார். அதற்கடுத்ததில் ஒருவர் நரம்பு என்கிறார். இன்னொருவர் மஞ்சள் பத்துப் போடச் சொல்கிறார். நாலு பேர், நாலு கணக்கு.

கூப்பிட்டால் திரும்புகிறாளா என்று கோமுவைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தேன். திரும்பினாள். மறுபடி கூப்பிட்டேன். திரும்பினாள். ஏழெட்டுத் தடவை ஆனதும், "என்னம்மா வேணும் உனக்கு?" என்று இடுப்பில் கை வைத்துக் கேட்டாள். காக்கா எங்கே என்றால் விரலை நீட்டிக் காட்டுகிறாள். பொம்மைக்குச் சோறு ஊட்டுகிறாள். வயிற்றில் கொஞ்சம் பால் வார்த்த மாதிரி இருந்தது. பிறகு மறுபடியும் அந்த வீடியோ ஞாபகம்.

அத்தான் மில்லிலிருந்து வந்ததும் காட்டினேன். பார்த்துவிட்டுப் போனை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்கள். "புதன்கிழமை லீவு சொல்லிட்டேன். டாக்டர்ட்டப் போவோம். அதுவரைக்கும் இதத் தொடாத" என்றார்கள்.

ஆவணி 25, புதன்

குழந்தை டாக்டரிடம் போனோம். சின்ன வயதுக்காரர். கோமுவிடம் பேச்சுக் கொடுத்தார், பெயர் கேட்டார், கட்டை அடுக்கச் சொன்னார். அவள் கதை சொல்ல ஆரம்பித்து நிறுத்தவே இல்லை. பேச்சிலும் புத்தியிலும் குறை எதுவும் தெரியவில்லை, அந்தப் பயம் வேண்டாம் என்றார். அப்புறம் பாதத்தைப் பிடித்து மேலே மடக்கிப் பார்த்தார். ஓர் அளவுக்கு மேல் மடங்கவில்லை. குந்தி உட்காரச் சொன்னார். கோமு குந்தினால் குதிகால் இரண்டும் மேலே நிற்கிறது. தரையோடு வைத்தால் பின்னால் சாய்கிறாள்.

கெண்டைக்கால் சதை இறுகத் தொடங்கியிருக்கிறதாம். பயிற்சி கொடுக்க வேண்டும். ஒரு மாதம் கழித்துப் பார்ப்பார். இன்னும் இறுகியிருந்தால் இரண்டு காலுக்கும் மாவுக்கட்டுப் போட்டுச் சதையை இளக்க வேண்டியிருக்கலாம்.

"நடக்க ஆரம்பிச்ச நாள்ல இருந்தே இப்படித்தானா?"

"ஆமா" என்றேன். சொன்ன பிறகுதான், எனக்குத் தெரியாது என்பது உறைத்தது.

"வீட்டுல வேற யாராவது இப்படி விரல்ல நடப்பாங்களா?"

"இல்ல டாக்டர், யாரும் கிடையாது."

அத்தான் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எதற்கென்று தெரியவில்லை.

ஆவணி 27, வெள்ளி

கிருத்திகை. கோயிலுக்குப் போனோம். இன்று நேர்ச்சையை முடித்துவிடலாம் என்றுதான் புறப்பட்டேன். பிரகாரத்துக் கல் நல்ல சூடு. கூட்டமும் அதிகம். வேண்டாம் என்று சாமியை மட்டும் கும்பிட்டு வந்துவிட்டேன்.

அத்தான் கேட்டார்கள், "சாயங்காலம் ஆறு மணிக்குக் கல்லு எப்படிச் சுடும்?"

ஆவணி 30, திங்கள்

ஆஸ்பத்திரி மாடியில் பிசியோதெரபி. சொல்லிக் கொடுக்கிற பெண் பியூலா, பாளையங்கோட்டைக்காரி. சிரித்த முகம். கரடி மாதிரி நாலு காலில் நடப்பது, சாய்பலகையில் ஏறுவது, குந்தி உட்கார்ந்து புளியங்கொட்டை பொறுக்குவது. குந்தும்போது பெரியவர்கள் பின்னால் இருந்து குதிகாலைத் தரையோடு அமுக்கிப் பிடிக்க வேண்டும். எல்லாம் விளையாட்டு மாதிரிதான். கோமு பியூலாவிடம் நன்றாகச் செய்தாள்.

"வீட்டுல நீங்களும் கூடவே செய்யணும்க்கா. பிள்ளைங்க சொன்னாக் கேக்காதுங்க, பாத்தாத்தான் செய்யும்."

"சரிம்மா" என்றேன்.

ஆவணி 31, செவ்வாய்

நாற்காலியில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தேன். கோமுவும் அவள் குட்டி நாற்காலியைக் கொண்டுவந்து என் பக்கத்தில் போட்டு உட்கார்ந்துகொண்டாள். "கரடி நட" என்றேன். அவள் பொம்மையிடம் "கரடி நட" என்றாள்.

புரட்டாசி 1, புதன்

பயிற்சி நடந்தது. கோமு செய்யவில்லை.

புரட்டாசி 3, வெள்ளி

இன்று வீட்டில் சத்தம். எழுதக்கூடாது என்று நினைத்தேன், ஆனால் கணக்கு என்றால் எல்லாவற்றையும்தான் எழுத வேண்டும்.

சாயங்காலம் அத்தான் சொன்னார்கள், "வா உலகு, மூணு பேருமா ஆத்துப் பாலம் வரைக்கும் நடந்துட்டு வருவோம். பிள்ளைக்கும் நல்லது, உனக்கும் நல்லது. நீ எங்ககூட நடக்க வந்தே மாசக் கணக்காச்சு."

"எனக்கு வேலை இல்லன்னு நினைச்சியளா? நீங்க கூட்டிட்டுப் போங்க."

"முன்னாடில்லாம் நீதான முன்னால போவ. நானும் கோமுவும் உன் பின்னால ஓடி வரணும்." கொஞ்சம் நிறுத்தி, "உன் கால் எப்படி இருக்கு?" என்றார்கள்.

"என் காலுக்கு என்ன?"

"அதத்தான் கேக்கேன்."

"பிள்ளைக்குக் காலு இப்படி இருக்கு, நீங்க என் காலப் பத்திப் பேசுதிய."

கோமுவைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். ஏன் அவ்வளவு கோபம் வந்தது என்று எனக்கே விளங்கவில்லை. தோசைக்கு ஆட்டும்போதும் யோசித்தேன். விளங்கவில்லை.

புரட்டாசி 7, செவ்வாய்

இரண்டாவது தடவை பியூலாவிடம் போனோம். கோமு பாதம் போன வாரம் இருந்தபடியேதான் இருக்கிறது, இம்மிகூட இளகவில்லை. வீட்டில் பயிற்சி எப்படிப் போகிறது என்று கேட்டாள். போகிறது என்றேன். நான் சொல்லி முடிக்குமுன் கோமு, "அம்மா நாக்காலில இருப்பா" என்றாள்.

பியூலா சிரித்துவிட்டு, "அக்கா, செருப்பில்லாம அந்தச் சுவர்ல இருந்து இங்க வரைக்கும் ஒருக்கா நடந்து வாங்க" என்றாள். பிள்ளைக்கு நடந்து காட்டச் சொல்கிறாள் என்று நினைத்து நடந்தேன். கோமு பின்னாலேயே வந்தாள். பியூலா போனில் படம் பிடித்தாள். பிறகு எங்களைப் பக்கத்தில் உட்கார வைத்து அதைக் காட்டினாள்.

படத்தில் ஒரு பொம்பளை, சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தூங்குகிறவர்கள் நடுவே போகிற மாதிரி விரல் நுனியில் வருகிறாள். அவளுக்குப் பின்னால் ஒரு சிறுபிள்ளை, பாவாடையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அதே மாதிரி. அந்தப் பொம்பளை யார் என்று ஒரு நொடி எனக்குப் பிடிபடவில்லை.

"ஈரத் தரைல நடந்து பழக்கம்" என்றேன்.

"இங்க ஈரம் இல்லையேக்கா."

குனிந்து என் குதிகாலின் அடியில் கட்டைவிரலை வைத்து அமுக்கினாள். வாய்விட்டுக் கத்திவிட்டேன். கோமு பயந்துபோய் அழ ஆரம்பித்தாள்.

"எத்தன மாசமா?"

"சித்திரைல இருந்து."

"யார்ட்டயும் சொல்லலையா?"

இதில் சொல்ல என்ன இருக்கிறது. வேலை செய்கிற காலுக்கு வலிக்கும். கோமு பக்கம் பார்த்தேன். பியூலாவே சொன்னாள்.

"உங்களப் பாத்துதான் பிள்ளை இப்படி நடக்குன்னு நான் சொல்லலக்கா. அப்படி யாராலயும் அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா உங்க காலச் சரி பண்ணாம அவளுக்கு நான் என்ன சொல்லிக் கொடுத்தாலும் வீட்டுக்குப் போனதும் அழிஞ்சிரும்."

எனக்கும் பயிற்சி. சுவரில் கை வைத்துக் கெண்டைக்காலை இழுக்க வேண்டும். வெறுந்தரையில் நடக்கவே கூடாது. மெத்தென்ற செருப்பு ஒன்று வாங்கி வீட்டுக்குள் போட வேண்டும்.

"வீட்டுக்குள்ளயா?"

"வீட்டுக்குள்ளதான். நீங்க நாள் பூரா நிக்கது அங்கதான?"

"எங்க வீட்டுல அது கிடையாதும்மா. ஹால்லயே சாமி இருக்கு."

"சாமி பக்கத்துல போறப்போ கழட்டிருங்க."

அவளுக்கு எப்படி விளங்கவைப்பது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த நிலைப்படிக்கு உள்ளே செருப்பு வந்ததில்லை. சீமந்தத்துக்கு வந்த கலெக்டர் ஆபீஸ்காரரையே கழற்ற வைத்தவள் நான்.

புரட்டாசி 9, வியாழன்

நேற்று முழுக்க எனக்கு நானே வாதாடினேன். என்னைப் பார்த்து அவளா? அப்படியானால் ஏன் அத்தானைப் பார்த்து நடக்கவில்லை? அவர்கள் தரை அதிர நடக்கிறவர்கள். பிறவியிலேயே இப்படி என்றால் என் மேல் பழி இல்லை, ஆனால் பிள்ளைக்குக் குறை. என்னால்தான் என்றால் பிள்ளைக்குக் குறை இல்லை, பழி என் மேல். இதில் எதை வேண்டிக்கொள்வது? விளக்கின் முன்னால் நின்று வாய் பேசாமல் திரும்பிவிட்டேன்.

இன்று புழக்கடையில் துணி துவைக்கும்போது பார்த்தேன். கல்லைச் சுற்றிச் சிமெண்டு பூசினது போன மாசியில். கொத்தனார் பூசி முடித்து நிமிரும்முன் கோமு ஓடிவந்து நடுவில் கால் வைத்துவிட்டாள். நான் அடித்தேன்கூட. கொத்தனார் "இருக்கட்டும்மா, லட்சுமி பாதம்" என்று தேய்க்காமல் விட்டுவிட்டார். தினமும் அதன் மேல்தான் வாளி வைக்கிறேன்.

வாளியை நகர்த்தினேன். சின்னப் பாதம், முழுசாக. விரல் ஐந்தும் லேசாகத்தான் பதிந்திருக்கின்றன. குதிகால்தான் ஆழம். அதில் தண்ணீர் தேங்கி நின்றது. என் கட்டைவிரலை அதற்குள் வைத்துப் பார்த்தேன். நன்றாக உள்ளே போனது.

மாசியில் ஊன்றியிருக்கிறாள். எனக்கு வலி வந்தது சித்திரையில்.

டாக்டரிடம் "ஆமா, ஆரம்பத்துல இருந்தே" என்று சொன்னது நான்.

புரட்டாசி 10, வெள்ளி

அத்தானையும் கோமுவையும் கூட்டிக்கொண்டு போய் டாக்டரிடம் மாற்றிச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். "இதச் சொன்னது ரொம்ப முக்கியம்மா" என்றார். நன்றாக நடந்த பிள்ளை இடையில் மாறினால் இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டுமாம். கோமுவின் முட்டியில் சின்னச் சுத்தியலால் தட்டினார், முதுகைத் தடவினார், ஒற்றைக் காலில் நிற்க வைத்தார். ஒரு ரத்தப் பரிசோதனையும் எழுதிக் கொடுத்தார். நரம்பிலோ சதையிலோ வியாதி எதுவும் இப்போது தெரியவில்லை என்றார்.

"வீட்டுல வேற யாராவது, அப்படின்னு அன்னைக்குக் கேட்டேன்."

"நான்தான் டாக்டர்" என்றேன்.

வெளியே வந்ததும் அத்தானிடம் கேட்டேன், உங்களுக்கு எப்போது தெரியும் என்று.

"ஆனிலயே தெரியும். கேட்டா நீ கடிப்ப. எனக்கும் உன்ட்டக் கேக்கப் பயம்தான்."

புரட்டாசி 11, சனி

சஷ்டி விரதம். இனி தள்ளக்கூடாது என்று கோயிலுக்குப் போனேன். பாக்கியை அடைத்துவிட்டால் எல்லாம் தானாகத் தீர்ந்துவிடும் என்று ஒரு புத்தி. செருப்பாவது ஒன்றாவது.

கொடிமரத்தில் தொடங்கினேன். முதல் பத்தடி முருகா முருகா என்று போய்விட்டது. பிறகு குதிகாலை வைக்கும்போதெல்லாம் கண்ணில் தண்ணீர் முட்டியது. விரலை ஊன்றிக் குதிகாலை ஒட்டுகிற மாதிரி பாவனை பண்ணினேன். பின்னால் கோமு என் அடியைப் பார்த்துப் பார்த்து, அதே பாவனையோடு வந்துகொண்டிருந்தாள். பின்னால் சுற்றி வந்த சொர்ணம் மதினி நின்றுவிட்டார்கள்.

"என்னட்டி இது, தாயும் பிள்ளையும் கொக்கு மாதிரி? சாமிய ஏமாத்துதியா?"

விளையாட்டாகத்தான் சொன்னார்கள். நான் அப்படியே பிரகாரத்தில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். மதினிக்கு ஒன்றும் புரியவில்லை. என் காலைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "அட பாவி மவளே, வீங்கில்லா கிடக்கு. இத ஏன் சொல்லல?" என்றார்கள். தன் முந்தானையாலேயே என் பாதத்தைத் துடைத்துவிட்டார்கள்.

நேர்ச்சை பாதியில் நிற்கிறது. தெற்குப் பிரகாரத்தில், யாளி செதுக்கின தூணுக்குப் பக்கத்தில். பாதியில் விட்டால் அது கணக்கில் சேருமா, சேராதா? பட்டரிடம் கேட்டேன். "ஏன், சாமி அதுக்குள்ள எங்கயாவது எந்திரிச்சுப் போயிருவாரா? விட்ட இடத்துல இருந்து வாங்க" என்றார். இவரும் விளையாட்டாகச் சொல்கிறாரா என்று தெரியவில்லை.

புரட்டாசி 13, திங்கள்

அத்தான் ஒரு பையோடு வந்தார்கள். உள்ளே செருப்பு. நீலம். அமுக்கினால் பஞ்சு மாதிரி உள்ளே போகிறது.

"வெளில வையுங்க" என்றேன்.

அவர்கள் நிலைப்படியில் உட்கார்ந்துகொண்டார்கள். "ஆடி அமாவாசைக்கு மலைக்குப் போனோமே, குலதெய்வம் பட்டவராயருக்கு என்ன காணிக்கை கட்டினோம்?"

எனக்குப் புரிந்துவிட்டது. முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"செருப்பு. நீதான் தட்டுல வச்சு ரெண்டு கையால ஏந்திட்டுப் போன. அடுத்த வருசம் பாத்தா அது தேய்ஞ்சிருக்கும், சாமி போட்டு நடந்திருக்காருன்னு நீதான் எனக்கே கதை சொல்லுவ. சாமி செருப்புப் போட்டுக் காடு மேடெல்லாம் நடக்காரு. நீ அடுக்களைல நடந்தா என்ன குறைஞ்சு போகும்?"

"அது சாமி."

"அவருக்கே கால் வலிக்குல்லா."

சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தது சரியா தப்பா என்று இப்போதும் தெரியவில்லை. செருப்பை மஞ்சள் தண்ணீரில் கழுவினேன். ரப்பர் செருப்பை யாராவது மஞ்சள் தண்ணீரில் கழுவுவார்களா? கழுவினேன். விளக்குக்குக் கொஞ்சம் முன்னால் கோலமாவால் ஒரு கோடு போட்டேன். அந்தக் கோடு வரைக்கும் செருப்பு, அதற்கப்புறம் கிடையாது.

சாமி படத்தைப் பார்க்காமலேயே அடுக்களை வரை போனேன். ஆணி ஏறவில்லை.

புரட்டாசி 14, செவ்வாய்

புதுச் சத்தம் ஒன்று வீட்டுக்குள். டப், டப், டப். குளித்துவிட்டு வந்து பார்த்தால் கோமு என் செருப்பைப் போட்டுக்கொண்டு ஹாலைச் சுற்றி வருகிறாள். கால் பாதிச் செருப்புக்குத்தான் வருகிறது. விரலில் நடந்தால் கழன்று விழுகிறது. விழாமல் இருக்கக் குதிகாலை ஊன்றி இழுத்துக்கொண்டு போகிறாள். கோலமாவுக் கோடு வந்ததும் நின்று, கழற்றி வைத்து, கையெடுத்துக் கும்பிட்டு, மறுபடி போட்டுக்கொண்டாள்.

பெரிய செருப்பு தடுக்கிவிடும் என்று பியூலா போனில் சொன்னாள். அவள் அளவுக்கு ஒன்று வாங்க வேண்டும். இடது பக்கத்தில் குறித்துக்கொண்டேன்.

புரட்டாசி 16, வியாழன்

விஜயதசமி. நர்சரியில் தட்டில் அரிசி பரப்பி எழுத வைத்தார்கள். கோமு 'அ' போட்டாள், அழவில்லை. மிஸ் அவள் காலைப் பார்த்தார். நானும் பார்த்தேன். உள்ளே போகும்போது நாலு எட்டு ஊன்றினாள், பிறகு பந்தைக் கண்டதும் மறுபடி விரல். மிஸ் பந்தை உருட்டிவிட்டார்.

புரட்டாசி 20, திங்கள்

நாற்காலியை மடித்துப் பரணில் போட்டுவிட்டேன். காலையில் நானும் கோமுவும் சுவரைத் தள்ளுகிறோம். சுவர் எங்கே போகிறது என்று கேட்கிறாள். சாயங்காலம் மூன்று பேரும் ஆற்றுப் பாலம் பக்கம். நான் பாதி வழி வரைக்கும்தான். திரும்பும்போது மதினி வீட்டில் மோர்.

அவள் ஞாபகம் இருந்தால் ஊன்றுகிறாள், மறந்தால் தூக்கிக்கொள்கிறாள். நானும் அப்படித்தான்.

புரட்டாசி 24, வெள்ளி

டாக்டர் பாதத்தை மடக்கிப் பார்த்தார். போன தடவையைவிட அதிகமாக மடங்குகிறது. மாவுக்கட்டு இப்போது வேண்டாம், பயிற்சியை விடாதீர்கள், மூன்று மாதம் கழித்துப் பார்ப்போம் என்றார். ரத்தப் பரிசோதனையிலும் பயப்பட எதுவும் இல்லை.

என்ன காரணம் என்று கடைசியாக ஒரு தடவை கேட்டேன். "நிச்சயமாச் சொல்லத் தெரியலம்மா" என்றார். படித்தவர் அப்படிச் சொன்னதில் எனக்கு ஏன் ஆறுதலாக இருந்தது?

குந்தச் சொன்னபோது கோமு குந்தினாள். இன்னும் குதிகால் மேலேதான் நின்றது. அவர் முன்னால் வெட்கப்படுகிறாள் என்று அத்தான் சொன்னார்கள். எனக்குத் தெரியவில்லை.

புரட்டாசி 26, ஞாயிறு

சாயங்காலம் கோமுவோடு கோயில். யாளித் தூண் பக்கத்தில் விட்ட இடத்தைக் கண்டுபிடித்து நின்றேன். முடிந்தவரைக்கும் போவது, மிச்சத்தை அடுத்த சஷ்டிக்கு என்று முருகனிடம் சொல்லிக்கொண்டேன். மறுப்பு ஒன்றும் வரவில்லை. செருப்பு கோயில் வாசலில். வெறுங்கால். கல் சூடாக இல்லை.

குதிகாலை விரலோடு ஒட்டி வைத்தேன். வலித்தது, ஆனால் வைக்க முடிந்தது. அடுத்தது. அடுத்தது. மேற்குப் பிரகாரம் திரும்புகிற இடத்தில் கால் அசந்து தானாகவே தூக்கிக்கொண்டது. எனக்குத் தெரியவில்லை.

பின்னால் இருந்து என் காலை ஒரு கை பிடித்தது. "அம்மா, குதிகால் கீழ" என்றாள் கோமு. பியூலாவின் குரல் அப்படியே. என் குதிகாலை இரண்டு கையாலும் கல்லோடு சேர்த்து அமுக்கினாள்.

எனக்கு வலித்தது. திரும்பிப் பார்த்தேன். என் காலை அமுக்குகிற மும்முரத்தில் கோமு அங்கே குந்தி உட்கார்ந்திருந்தாள். பின்னால் சாயவில்லை. அவள் குதிகால் இரண்டும் தரையில் இருந்தன.

நான் எதுவும் சொல்லவில்லை. சொன்னால் தூக்கிவிடுவாளோ என்று பயம். முருகனைக்கூடக் கூப்பிடவில்லை. அவள் கையை எடுக்கும்வரை அந்த அடியிலேயே நின்றேன்.